நிலநடுக்கத்திற்குப் பின் தகவல்தொடர்பு, பயன்பாட்டு அமைப்புகளின் தாங்குதிறன்: ஜப்பானிய நிலநடுக்கங்களை (1995, 2011) முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிலநடுக்கத்திற்குப் பின் மின்சாரம், குடிநீர், எரிவாயு, தகவல்தொடர்பு ஆகியவை செயலிழப்பதற்கு அதிர்வால் நேரும் சேதம் மட்டுமே காரணமன்று. ஓர் அமைப்பு மற்றொன்றைச் சார்ந்திருப்பதும் காரணமாகும். ஜப்பானில் நிகழ்ந்த இரு பெரும் நிலநடுக்கங்களின் வழி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலநடுக்கம், உயிர்நாடி அமைப்புகள், சார்புநிலை, மாற்று மின்வழங்கல், மீட்பு வரிசை.

முன்னுரை

நகர வாழ்வுக்கு இன்றியமையாத மின்சாரம், நீர், எரிவாயு, தொலைபேசி ஆகியவை பேரிடரியலில் ‘உயிர்நாடி அமைப்புகள்’ எனப்படுகின்றன. இடிபாடுகளில் சிக்கியோர் பிழைப்பது முதல் சில மணி நேர மீட்புப் பணியைப் பெரிதும் பொறுத்தது. அப்பணிக்கு வேண்டிய அழைப்பும் தீயணைப்பு நீரும் இவ்வமைப்புகளின் வழியே கிடைக்கின்றன. எனவே இவற்றின் தாங்குதிறன் உயிர்காப்புடன் நேரடித் தொடர்புடையது.

கோபே நிலநடுக்கம், 1995

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்குக் கோபே நகரையும் சுற்றுப்புறத்தையும் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 26 இலட்சம் வீடுகளில் மின்சாரம் தடைப்பட்டது. ஒரு வாரத்திற்குள் மின்வழங்கல் பெரும்பாலும் சீரடைந்தது. ஏறத்தாழ 13 இலட்சம் வீடுகள் குடிநீரையும், 8.5 இலட்சம் வீடுகள் எரிவாயுவையும் இழந்தன. இவை முழுமையாக மீள்வதற்கு ஏப்ரல் மாதம் வரை ஆயிற்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அமைப்புகளின் இயல்பிலேயே உள்ளது. கம்பங்களின் மீது செல்லும் மின்கம்பிகளில் பழுது கண்ணுக்குப் புலப்படும்; சேதமுற்ற பகுதியைத் துண்டித்து வேறு தடத்தில் மின்சாரம் செலுத்தலாம். நிலத்தடிக் குழாய்களில் கசிவைக் கண்டறிவதற்கே நீரை மீண்டும் செலுத்தி அழுத்தம் தர வேண்டும். எரிவாயுவைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டையும் சோதிக்க வேண்டும். உடைந்த நீர்க்குழாய்களிலிருந்து வெளியேறிய நீர் எரிவாயுக் குழாய்களுக்குள் புகுந்து அப்பணியை மேலும் தாமதப்படுத்தியது.

நீர்வழங்கல் நின்றதால் தீயணைப்பு வீரர்களுக்குத் தெருக்குழாய்களில் நீர் கிட்டவில்லை. நகாட்டா வட்டாரத்தில் கடல்நீரைக் கொண்டுவர நேர்ந்தது. மறுபுறம், விரைந்து மீண்ட மின்சாரமே சேதமுற்ற வீடுகளில் கவிழ்ந்து கிடந்த மின்கருவிகளின் வழியே புதிய தீவிபத்துகளை உண்டாக்கியது. ஆகவே மீட்பின் விரைவைப் போலவே அதன் வரிசையும் முக்கியமானதாகும்.

தொலைபேசியிலும் இச்சார்புநிலை வெளிப்பட்டது. கம்பிவடச் சேதத்தால் செயலிழந்த இணைப்புகள் ஏறத்தாழ 1.93 இலட்சம், இணைப்பகக் கோளாறால் செயலிழந்தவையோ 2.85 இலட்சம். மின்தடையும் மாற்று மின்வழங்கல் பழுதடைந்ததுமே இணைப்பகக் கோளாறின் முதன்மைக் காரணங்களாகும். செயல்பட்ட இணைப்புகளும் அழைப்பு நெரிசலில் சிக்கின. இப்பட்டறிவின் விளைவாக, பாதிக்கப்பட்டோர் குரற்செய்தியைப் பதிந்துவைக்க, உறவினர் பின்னர் கேட்டறியும் ‘171’ சேவை 1998 மார்ச்சில் தொடங்கப்பட்டது.

கிழக்கு ஜப்பான் நிலநடுக்கம், 2011

2011 மார்ச் 11 அன்று 9.0 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் தொடர்ந்து, ஏறத்தாழ 29,000 அலைபேசிக் கோபுர நிலையங்கள் செயலிழந்தன. இந்த எண்ணிக்கை உச்சத்தை எட்டியது மறுநாளில்தான். அதிர்வைத் தாங்கி நின்ற நிலையங்கள் பலவும் மின்தடை நீடித்து மின்கலங்கள் தீர்ந்தபோது ஓய்ந்தன. குரல் அழைப்புகளுக்கு 70 முதல் 95 விழுக்காடு வரை கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. தரவுப் பரிமாற்றத்திற்கு இக்கட்டுப்பாடு மிகக் குறைவாக இருந்ததால் எழுத்துச் செய்திகள் தாமதமாகவேனும் சென்றடைந்தன.

இதன்பின் என்.டி.டி. டொகோமோ நிறுவனம், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஆரமுள்ள பகுதிக்குச் சேவை தரும் பெருநிலையங்களை நாடெங்கும் அமைத்ததுடன், முக்கிய நிலையங்களை 24 மணி நேரம் தாங்கும் மின்கலங்களால் வலுப்படுத்தியது. எரிவாயுவில் மாற்றுவழியின் பயன் தெளிவாகத் தெரிந்தது. செண்டாய் நகரின் துறைமுக எரிவாயு நிலையம் ஆழிப்பேரலையால் சேதமுற்ற போதிலும், நிகாட்டாவிலிருந்து வரும் குழாய்த்தடம் எஞ்சியிருந்ததால், ஆழிப்பேரலை அழித்த பகுதிகள் நீங்கலாக, ஏப்ரல் நடுப்பகுதிக்குள் வழங்கல் மீண்டது.

முடிவுரை

ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியே வலுப்படுத்துவது தேவையே; எனினும் அது போதுமானதன்று. ஓர் அமைப்பு எதனைச் சார்ந்துள்ளது, அச்சார்பு அறுந்தால் எத்தனை மணி நேரம் தாங்கும், மாற்றுவழி உண்டா என்னும் மூன்று வினாக்களும் பேரிடர்த் திட்டமிடலில் இடம்பெற வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.