ஆலையில் நடக்கும் உடல்நலப் பரிசோதனை: யாருக்கு ஆதாயம்?

மறைமலை நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளில் பணிபுரிவோர், நிறுவனம் நடத்திய உடல்நலப் பரிசோதனையின் முடிவுகளுடன் எங்களிடம் வருகின்றனர். இதனால் நிறுவனத்திற்கு என்ன லாபம் என்றும் சிலர் வினவுகின்றனர்.

இத்தகைய திட்டங்களுக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 3.27 டாலர் மிச்சமாகும் என 2010இல் ஓர் அமெரிக்க ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் 160 பணியிடங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில், பதினெட்டு மாதங்களுக்குப் பின்னும் இரத்த அழுத்தத்திலோ, மருத்துவச் செலவிலோ, விடுப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பரிசோதனை நோயைக் காட்டும். கட்டுப்படுத்துவது தொடர் சிகிச்சையே.

தொழிலாளர் குடும்பத்தின் கணக்கு வேறு. நோயால் வேலைக்குச் செல்ல இயலாதபோது இ.எஸ்.ஐ. வழங்கும் உதவித்தொகை பொதுவாக ஊதியத்தில் 70 விழுக்காடு. அதுவும் ஆண்டுக்கு 91 நாள்கள் வரையே. எஞ்சிய இழப்பு வீட்டையே சேரும்.

எனவே, இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் என முடிவு வந்தால், தாளை மடித்து வைத்துவிடாமல் விரைவில் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவுப்பணி நாள்களில் மருந்தை எப்போது உட்கொள்வது என்பதையும் கேட்டறியுங்கள்.