புசான்: ராணியைத் தேடிப் போனேன், டாக்டர் கிடைத்தார்

ஆபீஸ் வேலையாக ரெண்டு வாரம் சியோல் போறேன்னு சொன்னதும், மேட்டுப்பாளையத்தில் சித்தப்பா ஒரு வேலை கொடுத்தார். "புசான் பக்கம் போயிட்டு வா கண்ணு, நம்ம தமிழ் ராணி கப்பல்ல போயி எறங்குன ஊராமா." வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. எனக்கும் ஆசைதான். ஒரு சனிக்கிழமை காலை தனியாக கேடிஎக்ஸ் ரயில் ஏறினேன். ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள் புசான்.

முதலில் ராணி கதையை முடிச்சுடலாம். கி.பி. 48-இல் ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி 'ஆயுத' நாட்டிலிருந்து கடல் வழியாக வந்து, சூரோ அரசரை மணந்தாள் என்பது கதை. இருவரின் சமாதிகளும் புசானை ஒட்டிய கிம்ஹேவில் இருக்கு. இதைச் சொல்லும் 'சம்குக் யூசா' 13-ஆம் நூற்றாண்டு நூல். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதின காலத்துக்கும் 1,200 வருஷம் இடைவெளி. 'ஆயுத' என்பதை அயோத்தி என்பவர்கள் உண்டு, குமரிப் பக்கத்து ஆய் நாடு என்பவர்களும் உண்டு. ரெண்டுக்கும் கல்வெட்டு கிடையாது. அம்மா, அப்பா மாதிரி சொற்கள் ஒத்துப்போவதை வைத்து மட்டும் உறவு சொல்ல முடியாது. குழந்தை வாயில் முதலில் வரும் இந்த ஒலிகள் உலகத்தில் பல மொழிகளில் இருக்கு. நானும் பத்து வருஷம் முன்னாடி இதை உற்சாகமாக நாலு பேருக்கு அனுப்பியவன்தான், அதனால் யாரையும் குறை சொல்லலை.

மறுநாள் மெட்ரோவில் தேயோன் ஸ்டேஷனில் இறங்கி, கால் மணி நேரம் நடந்து ஐ.நா. நினைவுக் கல்லறைக்குப் போனேன். கொரியப் போரில் இறந்த சுமார் 2,300 பேர் இங்கே அடக்கம். நினைவுச் சுவரில் 40,896 பெயர்கள். போரில் உதவின நாடுகளின் கொடிகளுக்கு நடுவில் நம்ம கொடியும் பறக்குது. நாம எப்போ இங்க சண்டை போட்டோம்?

போடலை. 1950 ஜூனில் போர் தொடங்கியபோது, படை அனுப்ப நேரு விரும்பவில்லை. அதற்குப் பதிலாக 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற பிரிவை அனுப்பினார். பெயர்தான் ஆம்புலன்ஸ்; உண்மையில் அது ஒரு நடமாடும் ஆஸ்பத்திரி. 350-க்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள். 1950 நவம்பர் 20 அன்று அவர்கள் வந்து இறங்கிய துறைமுகம் இதே புசான். தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' ஆற்காடு!

அவர்கள் பியோங்யாங் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சீனப் படை முன்னேற, எல்லோரும் பின்வாங்க உத்தரவு. மருந்தையும் கருவிகளையும் ஏற்ற வண்டி போதவில்லை. ஆஸ்பத்திரி சாமான் இல்லாத டாக்டரை வைத்து என்ன செய்வது? விட்டுட்டு வர ரங்கராஜ் ஒத்துக்கலை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் பாலம் தகர்க்கப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நம்மூர் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது. ஊட்டி ரயில் எஞ்சின் தண்ணி குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்குத் தெரியும், அது எவ்வளவு குடிக்கும்னு. மலையேறும்போது வழியிலும் நிறுத்தி நிரப்பணும். அதைப் போர்முனையில், டிசம்பர் குளிரில், வாளியால் செய்திருக்காங்க.

1951 மார்ச் 23-இல் முன்சான்-னி என்ற இடத்தில் அமெரிக்கப் படையோடு ரங்கராஜும் சில சகாக்களும் பாராசூட்டில் குதித்து, களத்திலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 1954 வரை இருந்த அந்தப் பிரிவு ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குச் சிகிச்சை கொடுத்தது. பிற்காலத்தில் உலக சுகாதார அமைப்புக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பிலும் அவர் வேலை செய்தார்.

தேதி, பெயர், பதக்கம் எல்லாம் பதிவில் இருக்கும் ஒரு தமிழர் புசானில் வந்து இறங்கியிருக்கார். நமக்கு அவரைத் தெரியலை; ராணியைத் தெரியுது. டாக்டருக்கு யாரும் ஃபார்வர்டு தயாரிக்கலை, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஹேவுன்டே கடற்கரையில் உட்கார்ந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். ராணி கதையை மறுக்காமல், எஞ்சின் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வாளியிலயா ஊத்துனாங்க?"ன்னார். சித்தப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவருக்கு வேற எதையும் விளக்க வேண்டியிருக்கலை.

புசான் போனா மீன் மார்க்கெட், கடற்கரை எல்லாம் பாருங்க. கல்லறைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. நுழைவுக் கட்டணம் இல்லை.