ஒற்றைக் கையால் பியானோ வாசித்தவர்!

பியானோ வாசிக்க இரண்டு கைகள் வேண்டும். வலது கையை இழந்தவர் என்ன செய்வார்?

ஆஸ்திரியா நாட்டில், வியன்னா நகரில் 1887-ல் பிறந்தவர் பால் விட்கென்ஸ்டைன். பெரும் செல்வர் வீட்டுப் பிள்ளை. 1913-ல் அவரது அரங்கேற்றம் நடந்தது. மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. போர்முனையில் அவரது வலது முழங்கையில் குண்டு பாய்ந்தது. டாக்டர்கள் கையை வெட்டி எடுத்தனர். அந்த ஆஸ்பத்திரியை ரஷியப் படை பிடித்தது. அவர் கைதியானார்!

மரப்பெட்டியில் பியானோ

சைபீரியாவில் ஓம்ஸ்க் நகரில் சிறை முகாம். அங்கே சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. முதலில் பியானோவும் இல்லை. அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் கரியால் பியானோக் கட்டைகளை வரைந்தார். இடது கை விரல்களால் அதைத் தட்டிப் பழகினார். பெட்டி பாடவில்லை; அவர் மனம் பாடியது!

கை ஒன்று, வேலை இரண்டு

இடது கையின் கட்டைவிரல் மெட்டை வாசிக்கும். மற்ற விரல்கள் கீழ்ச் சுரங்களைத் தொடும். காலால் பெடலை மிதித்தால், கையை எடுத்த பிறகும் ஓசை நிற்கும். அதற்குள் கை மேலே தாவிவிடும். இந்த வித்தையைத் தாமே பழகித் தேர்ந்தார்.

1915-ல் அவர் விடுதலையாகி ஊர் திரும்பினார். 1916-ல் மீண்டும் மேடை ஏறினார். பிரெஞ்சு இசை மேதை ராவெல், அவருக்காகவே இடது கைக்கு மட்டும் ஓர் இசை அமைத்தார். 1932 ஜனவரி 5-ந் தேதி வியன்னாவில் அதை அவர் வாசித்தார்.

விட்கென்ஸ்டைன் 1961-ல் அமெரிக்காவில் காலமானார். அந்த இசை இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. இரண்டு கை உள்ளவர்களும், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே அதை வாசிக்கிறார்கள்!