மன்னித்து அனுப்பிய பாஷா!

சிறைப்பட்ட காதலியை மீட்கப் போகிறான், காதலன். கையும் களவுமாகப் பிடிபடுகிறான். மரண தண்டனைதான் என்று எல்லோரும் நடுங்குகிறார்கள். ஆனால் நடந்ததோ வேறு!

இது, இசை மேதை மோசார்ட்டின் "அந்தப்புரத்தில் இருந்து கடத்தல்" என்ற நகைச்சுவை இசை நாடகத்தின் கதை. 1782-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி, வியன்னா நகரில் முதன் முதலாக அரங்கேறியது. அப்போது மோசார்ட்டுக்கு வயது 26.

வசனமும் பாட்டும்

இத்தாலிய இசை நாடகங்களில் வசனத்தைக்கூடப் பாட்டாகவே பாடுவார்கள். ஜெர்மன் மொழியிலும் இசை நாடகம் வளரவேண்டும் என்று விரும்பினார், பேரரசர் 2-ம் ஜோசப். 1778-ல் அதற்கென ஒரு குழு அமைத்தார்.

இந்த வகை நாடகத்துக்கு "சிங்ஷ்பீல்" என்று பெயர். வசனத்தைப் பேசுவார்கள். உணர்ச்சி பொங்கும்போது பாடுவார்கள். அதனால் கதை எளிதில் புரியும்.

தூக்க மருந்து

கான்ஸ்டான்சே என்ற அழகியைக் கடற்கொள்ளையர் பிடித்து, செலிம் பாஷாவிடம் விற்றுவிடுகிறார்கள். பாஷா கெஞ்சுகிறார், மிரட்டுகிறார். அவள் மனம் மாறவில்லை.

காதலன் பெல்மாண்டே தேடி வருகிறான். காவல்காரன் ஆஸ்மின் பெரிய முன்கோபி! அவனுக்கு மதுவில் தூக்க மருந்து கலந்து கொடுக்கிறார்கள். நள்ளிரவில் ஏணி வைத்துத் தப்பும்போது, விழித்துக்கொண்ட ஆஸ்மின் பிடித்து விடுகிறான். அவன் கொக்கரிப்பதைக் கேட்டுச் சபையே சிரிக்கும்.

பழிக்குப் பழியா?

விசாரணையில் ஓர் உண்மை வெளிவருகிறது. பாஷாவின் வாழ்வையே பாழாக்கிய பரம எதிரியின் மகன்தான் பெல்மாண்டே!

பழிவாங்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? ஆனால் பாஷா, எல்லோரையும் விடுதலை செய்து ஊருக்கு அனுப்புகிறார். தீமைக்கு நன்மை செய்வதே பெரிய இன்பம் என்கிறார்.

1683-ல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. அந்த நகரத்து மேடையில், 99 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு துருக்கியப் பிரபுவே எல்லோரையும் விட உயர்ந்து நின்றார்!

இன்னொரு புதுமை: பாஷாவுக்கு ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. வெறும் வசனம்தான்!

துருக்கிய ராணுவ இசைபோல் ஒலிக்க, பெரிய முரசு, ஜால்ரா, முக்கோண மணி ஆகியவற்றைச் சேர்த்தார், மோசார்ட்.

மோசார்ட்டின் கல்யாணம்

நாடகம் அரங்கேறிய 19-ம் நாள், ஆகஸ்டு 4-ந் தேதி, மோசார்ட்டுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் பெயரும் கான்ஸ்டான்சே! தந்தையின் சம்மதக் கடிதமோ, மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

மோசார்ட் 35 வயதில், 1791-ல் இறந்தார். ஆனால், மன்னிக்கத் தெரிந்த அந்தப் பாஷா, இன்றும் மேடையில் வாழ்கிறார்.