வண்டிப் புகையும் நம் பொறுப்பே



நம் அறக்கட்டளையின் நோயாளிகள் வேன் சென்ற மாதம் புகைப் பரிசோதனையில் தேறவில்லை. டயாலிசிஸுக்குப் போய்வரும் சகோதரர்கள், "வண்டி நிற்கும்போது அழுகிய முட்டை வாடை வருகிறது, தலை வலிக்கிறது" என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாம்தான் அலட்சியமாக இருந்துவிட்டோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

சைலன்சர் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழுது என்று பட்டறையில் தெரிந்தது. "இதை வெட்டிவிட்டு வெறும் குழாய் வைத்துவிடலாம், செலவு மிச்சம். பழையதை நானே காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்" என்றார் ஒருவர். நம் குடும்பங்கள் சிலவற்றுக்கும் இதே யோசனை சொல்லப்பட்டிருப்பதை அறிந்துதான் இதை எழுதுகிறேன்.

அது செய்யும் வேலை

பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு, முழுதும் எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று நச்சுகள் வெளிவருகின்றன. கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். நன்றாகச் சூடேறியதும், அதன் வழியே போகும் நச்சுகளில் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் முதலே இது கட்டாயம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் அது தடுக்கும். பள்ளிவாசல் வாசலில் அணைக்காமல் நிற்கும் வண்டியின் புகை, மக்தப் பிள்ளைகள் ஓதும் அறைக்குள்தான் போகிறது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது நன்மை என்று கற்றவர்கள் நாம். பிறர் மூச்சில் நஞ்சைக் கலப்பது நமக்குத் தகுமா?

யுனிவர்சல் கன்வெர்ட்டர் வாங்கும்போது

வண்டி நிறுவனத்தின் அசல் பாகம் விலை கூடுதல். எல்லா வண்டிக்கும் பொதுவாக வருவது யுனிவர்சல். இதைக் குழாயை வெட்டி, வெல்டிங் செய்து பொருத்த வேண்டும். எனவே கவனிக்க வேண்டியவை:

1. முதலில் நோயைக் கண்டறியுங்கள். இன்ஜின் ஆயில் எரிந்தாலோ, பிளக் சரியாகப் பொறி விடாவிட்டாலோ, புதிய கன்வெர்ட்டரும் விரைவில் பாழாகும்.

2. இன்ஜின் அளவு (சி.சி.), குழாயின் விட்டம், மொத்த நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். பெட்ரோல் வண்டிக்கானதை டீசல் வண்டியில் வைக்கக் கூடாது.

3. கன்வெர்ட்டர் இன்ஜினோடு ஒட்டியே அமைந்த வண்டிகளுக்கும், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளுக்கும் அசல் பாகமே நல்லது.

4. மேலே உள்ள அம்புக்குறி புகை வெளியேறும் திசையைக் காட்ட வேண்டும். பழையது இருந்த அதே இடத்தில் பொருத்துங்கள். ஆக்ஸிஜன் சென்சார்களும் பழைய இடங்களுக்கே வர வேண்டும்.

5. குழாய் நன்றாக ஆறிய பின்பே கை வைக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

6. வெப்பத் தடுப்புத் தகட்டை மறவாமல் மாட்டச் சொல்லுங்கள். கன்வெர்ட்டர் கடுமையாகச் சூடாகும். காய்ந்த புல், வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம்.

7. வேலை முடிந்ததும் இணைப்புகளில் கசிவு உண்டா என்று பாருங்கள். சிறு கசிவும் வண்டிக்குள் புகையைக் கொண்டுவரும். பின் புகைப் பரிசோதனை செய்து சான்றிதழ் பெறுங்கள்.

பழையது யாருக்கு?

அந்த உலோகங்களால் பழைய கன்வெர்ட்டருக்கும் நல்ல விலை உண்டு. அது வண்டிக்காரரின் உடைமை. பட்டறையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்து விற்கலாம்.

நம் வேனுக்கு யுனிவர்சல் கன்வெர்ட்டர் பொருத்தி, புகைப் பரிசோதனையிலும் தேறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். வேன் உங்கள் அமானத் என்பதால், பழையதை விற்ற தொகையை அறக்கட்டளைக் கணக்கில் வரவு வைத்துள்ளோம். ரசீதை அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம். வண்டியில் வாடையோ தலைவலியோ தெரிந்தால் உடனே ஓட்டுநரிடம் சொல்லுங்கள். இம்முறை இன்ஷா அல்லாஹ் அலட்சியம் இருக்காது.

வஸ்ஸலாம்.

செயலாளர்