தட்டைத் திருப்பிக் கொடுக்க சாக்லேட் பழ மிட்டாய்!

குழந்தைகளே, கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வரும். கேக், கல்கல், அச்சு முறுக்கு என்று நிறைந்திருக்கும். தீபாவளிக்கு உங்கள் வீட்டிலிருந்து போன அதிரசத்துக்கும் முறுக்குக்கும் பதில் மரியாதை அது. பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பது நம் ஊர் வழக்கமில்லை. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அம்மா கொடுத்து அனுப்புவார். இந்த அரையாண்டு விடுமுறையில் அந்தத் தட்டை நிரப்பும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால் என்ன?

சாக்லேட்டில் தோய்த்த பழ மிட்டாய் செய்யலாம். பிரான்ஸ் நாட்டில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்து, உலர்த்தி, சாக்லேட்டில் தோய்த்துக் கொடுப்பார்கள். 'ஆரஞ்செட்' என்று அதற்குப் பெயர். நாம் குப்பைக்கூடையில் போடும் தோல்தான்! டிசம்பரில் நம் ஊர்க் கடைத்தெருவிலும் கமலா ஆரஞ்சு குவிந்து கிடக்கிறது. கூடவே பேரீச்சம்பழமும் இருந்தால் இரண்டு வகை மிட்டாய் தயார்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாமே செய்து, அப்போதே தின்றுவிடுவது வேறு. செய்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது வேறு. அவர்கள் இன்றைக்கு இரண்டு சாப்பிடுவார்கள். மீதியை ஊரிலிருந்து வரும் பேரனுக்கு என்று டப்பாவில் எடுத்து வைப்பார்கள். அதுவரை பண்டம் கெடக்கூடாது. கெட்டுப்போனதை அந்தப் பேரன் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நம் பரிசு என்ன ஆகும்?

கெடுக்கும் எதிரி யார் தெரியுமா? தண்ணீர்!

சாக்லேட் பார்ப்பதற்கு ஒரே பொருள் போலத் தெரியும். உண்மையில் அது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களும்தான். சூடு பட்டால் கொழுப்பு உருகி வழவழவென்று ஓடும். அதில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விழுந்துவிட்டால் போச்சு! கொழுப்பும் தண்ணீரும் சேராது அல்லவா? சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான குழம்பு, கண்மூடித் திறப்பதற்குள் சேற்று மண் போலக் கட்டிதட்டிப் போகும். பிறகு எவ்வளவு கிளறினாலும் பழைய பதத்துக்கு வராது. அப்படி ஆகிவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் சாக்லேட் பால் கிடைக்கும்.

பழம் என்றாலே தண்ணீர்தான். ஸ்ட்ராபெர்ரி, வாழைப்பழம், திராட்சை இவற்றைச் சாக்லேட்டில் தோய்த்தால் அருமையாக இருக்கும். ஆனால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். நேரம் ஆக ஆக, பழத்தின் ஈரம் கசிந்து சாக்லேட் நசநசத்துவிடும். ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். ஆகவே கொடுத்து அனுப்ப, தண்ணீரை முன்பே வெளியேற்றிய பழம்தான் வேண்டும்.

தண்ணீரை எப்படி வெளியேற்றுவது? ஒரு வழி, வெயிலில் உலர்த்துவது. பேரீச்சை, அத்தி, உலர்ந்த திராட்சை எல்லாம் அந்த வகை. இன்னொரு வழி சர்க்கரை. அறிவியல் பாடத்தில் 'சவ்வூடு பரவல்' படித்திருப்பீர்கள். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுப் பிசிறி வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறதே, அதே சங்கதிதான். கெட்டிப் பாகில் பழத்தைப் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வரும், சர்க்கரை உள்ளே போகும். அவ்வளவு சர்க்கரை இருக்கும் இடத்தில் கிருமிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, பெருக முடியாது. தேன் நெல்லிக்காய் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதும் இதனால்தான். ஆக்ராவில் விற்கும் பேட்டா, பூசணிக்காயை இப்படிப் பாகில் ஊறவைத்துச் செய்வது. பன்னில் இருக்கும் சிவப்பு, பச்சை டூட்டி ஃப்ரூட்டி என்ன பழம் என்று நினைத்தீர்கள்? பப்பாளிக்காய்!

தோல் மிட்டாய்

நான்கு கமலா ஆரஞ்சுகளை வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தோலைத்தானே தின்னப் போகிறோம். அதனால் பழத்தை விடத் தோலுக்குத்தான் குளியல் முக்கியம். சுளையை நீங்கள் சாப்பிட்டுவிடலாம். தோலின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் நாரை ஸ்பூனால் மெல்லச் சுரண்டிவிட்டு, சுண்டுவிரல் அகலத்துக்கு நீளத் துண்டுகளாக நறுக்குங்கள்.

துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் அப்படியே. மொத்தம் மூன்று முறை. எதற்கு இந்த வேலை என்று சலித்துக்கொண்டு ஒரே முறையோடு நிறுத்திவிடாதீர்கள்; தோலில் இருக்கும் கசப்பு மூன்றாவது தண்ணீரில்தான் அடங்கும். முழுவதும் போகாது. லேசான கசப்பு இருந்தால்தான் இதற்கு ருசியே.

பிறகு ஒரு கப் சர்க்கரை, அரை கப் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, தோலைப் போட்டு, சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வேகவிட வேண்டும். தோல் கண்ணாடி போல மின்னும்; பாகு சுண்டிக் கெட்டியாகும். அதுதான் பதம். இந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் தள்ளி நின்று பார்க்கலாம். கொதிக்கும் பாகு, கொதிநீரை விடச் சூடானது. தண்ணீர் கையில் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு அப்படியே ஒட்டிக்கொண்டு சுடும். இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்.

துண்டுகளை இடுக்கியால் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் சல்லடையின் மேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலரவிடுங்கள். மழைக்காலம் என்றால் இரண்டு நாள் ஆகும். தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது. எறும்பு வருமே? தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சல்லடையை வையுங்கள். மேலே மெல்லிய துணியால் மூடுங்கள். சாக்லேட்டுக்கு எதிரியான தண்ணீர் இங்கே நமக்குக் காவல்காரர்! கடாயில் மிஞ்சிய பாகை எலுமிச்சைச் சாறோடு கலந்தால் ஆரஞ்சு மணக்கும் சர்பத்.

பேரீச்சை மிட்டாய்க்கு அடுப்பே வேண்டாம். இருபது பேரீச்சம்பழங்களைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை நாலைந்தை உள்ளே வைத்து மூடிவிடுங்கள். ஒரு சிட்டிகை சுக்குப்பொடி சேர்த்தால் மணமாக இருக்கும். பழத்தைக் கழுவியிருந்தால் ஈரம் போக நன்றாக உலர்த்திய பிறகே அடுத்த வேலை.

சாக்லேட் எது?

கோகோ காய், மரத்தின் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்க்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பாருங்கள். அதன் விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து அரைத்தால் கோகோ. விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதற்குப் பெயர் கோகோ வெண்ணெய். பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் கோகோவைக் கரைத்துக் குடித்துத்தான் வந்தார்கள். கோகோத் தூள், சர்க்கரையோடு உருக்கிய கோகோ வெண்ணெயையும் கலந்து, அச்சில் ஊற்றி, கடித்துத் தின்னும் சாக்லேட்டை 1847-ல் உருவாக்கியது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த ஃப்ரை நிறுவனம்.

கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடல் வெப்பம் 37 டிகிரி. அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. ஆனால் மே மாதம் சென்னையிலும் வேலூரிலும் நிழலிலேயே 40 டிகிரி அடிக்குமே! அப்போது சட்டைப் பையிலேயே கரைந்துவிடும். வீட்டுச் சாக்லேட்டுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் பெயர் பெற்றதில் குளிருக்கும் பங்கு உண்டு. ஊட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நமக்கு டிசம்பர்தான் ஊட்டி!

மளிகைக் கடையில் 'டார்க் காம்பவுண்ட்' என்று கட்டியாக விற்பார்கள். உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் இருக்கும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். ருசியில் அசல் சாக்லேட்டுக்கு அது ஈடில்லை. ஆனால் அசல் சாக்லேட்டை உருக்கினால், வெப்பமானி வைத்துச் சூட்டை ஏற்றி, இறக்கி, மறுபடி சற்றே ஏற்றிப் பதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மேலே வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும், சரியாக இறுகாது. காம்பவுண்டுக்கு அந்த வம்பு இல்லை. முதல் முறை செய்பவர்களுக்கு அதுவே போதும் என்பேன்.

200 கிராம் சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளி ஈரமும் இல்லாத கிண்ணத்தில் போடுங்கள். ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தை அதன் மேல் வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, ஆவி போதும். கிண்ணத்தை மூடாதீர்கள்! மூடியில் ஆவி குளிர்ந்து சொட்டும், எதிரி உள்ளே வந்துவிடுவார். முக்கால்வாசி உருகியதும் கிண்ணத்தை எடுத்து, அடியைத் துணியால் துடைத்துவிட்டுக் கிளறினால், மீதி அந்தச் சூட்டிலேயே உருகிவிடும்.

இனி உங்கள் ராஜ்யம். ஆரஞ்சுத் தோலின் ஒரு நுனியைப் பிடித்துப் பாதி வரை தோய்த்து, சொட்டுவதை உதறிவிட்டு, பட்டர் பேப்பரில் வையுங்கள். பேரீச்சையை முள்கரண்டியில் வைத்து முழுக்க முக்கி எடுங்கள். ஈரம் காய்வதற்குள் வறுத்த எள்ளோ, கொப்பரைத் துருவலோ தூவலாம். அரைமணி நேரத்தில் இறுகிவிடும். இறுகவில்லை என்றால் பத்து நிமிடம் மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அதிலேயே நாள்கணக்கில் வைத்திருந்தால், வெளியே எடுத்ததும் வியர்த்துத் தண்ணீர் பூக்கும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் அழகான பெட்டி செய்யலாம். உள்ளே பட்டர் பேப்பர் விரியுங்கள். செய்தித்தாளில் மட்டும் சுற்ற வேண்டாம். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்தப் பேப்பரிலும்தான்! அச்சு மை உணவில் ஒட்டும். படிப்பதற்குத்தான் நாங்கள் எழுதுகிறோம். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள்:

'உள்ளே இருப்பவை: பேரீச்சை, வேர்க்கடலை, எள், ஆரஞ்சுத் தோல், சர்க்கரை, சாக்லேட். செய்த நாள்: டிசம்பர் 30. ஜனவரி 13-க்குள் சாப்பிடவும்.'

வேர்க்கடலை, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு; சிலருக்கு மூச்சே திணறும். சீட்டைப் பார்த்தால் தவிர்த்துவிடுவார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கடலை வைக்காமல் செய்யுங்கள், அப்போதும் குழந்தை கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள், தொண்டையில் சிக்கும். தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் என்றால் அவருக்கு நான்கு ஆரஞ்சுப் பழமே நல்ல பரிசு. எத்தனை சாப்பிடலாம் என்பது பாட்டிக்குத் தெரியும். நாய் வளர்க்கும் வீடாக இருந்தால், 'டாமிக்குக் கொடுத்துவிடாதீர்கள்' என்று வாயாலும் சொல்லிவிட்டு வாருங்கள். கோகோவில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருள் நாய்களுக்கு நஞ்சு.

நாள் கணக்கு மறக்க வேண்டாம். புத்தாண்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் 28-ம் தேதியே தோலை வேகவைக்க வேண்டும். நேற்று நினைத்து இன்று முடிகிற வேலை இல்லை இது.

தோய்த்து முடித்ததும் கிண்ணத்தில் கொஞ்சம் சாக்லேட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கைப்பிடி பொரியையும் உலர்ந்த திராட்சையையும் போட்டுப் புரட்டி, ஸ்பூனால் சிறு சிறு குவியலாக வைத்துவிடுங்கள். அது பெட்டிக்குள் போகாது, செய்த கைகளுக்கு!