கார்காலத்திற்கு ஏற்ற கார்

மழை நாளில் குழந்தைகளுடனும் முதியோருடனும் விவேக் நகர் முனையில் ஆட்டோவுக்குக் காத்திருந்து சலித்த குடும்பம், ‘மூன்று லட்சத்திற்குள் ஒரு பழைய கார் கிடைக்காதா?’ என்று எண்ணுவது இயல்பே. பெங்களூரில் பனி பெய்வதில்லை. இங்கே வண்டியின் தரத்தைச் சோதிப்பது மழைதான்.

விவேக் நகரை அடுத்த ஈஜிபுரா, கோரமங்களா பகுதிகளின் மழைநீர் பெல்லந்தூர் ஏரியை நோக்கி ஓடுகிறது. 2022 செப்டம்பரில் அவ்வேரியைச் சூழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஊழியர்கள் டிராக்டர்களில் அலுவலகம் சென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தில் நனைந்த வண்டிகள், துடைத்து மெருகேற்றப்பட்டுப் பின்னர் சந்தைக்கு வருவதுண்டு. குறைந்த விலையில் வாங்குவோர் முதலில் அஞ்ச வேண்டியது இவற்றையே.

வெள்ளம் விட்டுச் சென்ற தடயங்கள்

இருக்கைப் பட்டையை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். தரைவிரிப்பின் அடியிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் ஈரமோ வண்டலோ உள்ளதா என்று நோக்குங்கள். இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு, முகப்பு விளக்கினுள் நீராவி, உள்ளே பூஞ்சை வாடை ஆகியனவும் ஐயத்திற்குரியவை. என்ஜின் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அவ்வண்டியைத் தவிர்ப்பதே நலம். விற்பவரின் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ சுழியமாக இருப்பின், முந்தைய ஆண்டு இழப்பீடு பெறப்பட்டதா, எதற்காக என்று கேட்டறியுங்கள்.

மழைக்குத் தேவையானவை

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த டயர், நீர் படர்ந்த சாலையில் பிடிப்பை இழந்து வழுக்கும். வைப்பர், பிரேக், கண்ணாடியின் ஆவியை அகற்றும் ஏ.சி. ஆகியவற்றை ஓட்டிப் பார்க்கும்போதே சோதியுங்கள். கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கையேனும் டயர், பேட்டரி போன்ற செலவுகளுக்கு ஒதுக்குவது விவேகம்.

ஆவணங்களும் கடனும்

பதிவுச் சான்றிதழில் வங்கியின் அடைமானக் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையின்மைச் சான்றையும் படிவம் 35-ஐயும் பெறாமல் முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 தேவை. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஒசூரிலோ சேலத்திலோ மலிவாகக் கிடைக்கும் தமிழ்நாட்டுப் பதிவு வண்டிக்கு, கர்நாடகத்தின் சாலை வரியையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே விலை பேசுங்கள்.

எடுத்துக்காட்டாக, 2 லட்சம் ரூபாய்க் கடனை 12 விழுக்காட்டு வட்டியில் மூன்றாண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். மொத்த வட்டி சுமார் 39,000. ஐந்தாண்டுகளாக நீட்டினால் தவணை சுமார் 4,450 ஆகக் குறையும். வட்டியோ சுமார் 67,000 ஆகிவிடும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். எனவே பத்தாண்டு பழைய வண்டிக்கு ஐந்தாண்டுக் கடன் பெற்றால், கடைசித் தவணையும் பதிவுப் புதுப்பிப்பும் ஒருசேர வந்து நிற்கும்.

உயிரே முதன்மை

மூன்றாம் நபர் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஈடுசெய்யாது. முழுமைக் காப்பீடு தேவை. நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் இயக்க முயன்றால் என்ஜினுக்குள் நீர் புகுந்து உடையும். ‘என்ஜின் பாதுகாப்பு’ என்னும் கூடுதல் பிரிவு இல்லையேல் அச்செலவு பெரும்பாலும் உங்களுடையதே. 2023 மே மாதத்தில் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். எத்துணை நல்ல வண்டியாயினும், ஆழம் தெரியாத நீரைக் கண்டால் திரும்பிவிடுங்கள். தாமதமாகச் சென்றாலும் வீடு சேர்வதற்காகத்தானே கார்!